இசக்கி சொன்னதும் நான் எழுதியதும்

மகனே, நேற்று நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு உன்னை ஸ்கிரைப் ஆகப் போட்டிருக்கிறார்கள், கையால் எழுத முடியாத ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அது சொல்லச் சொல்ல எழுத வேண்டும், ஆர்டர் வந்துவிட்டது, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டாய். சொன்னதை எழுது, வேறென்ன என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்திவிட்டு ஓய்வுபெற்றவள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடுகிறாள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி எனக்கு மெமோ கொடுக்கவும் யாரும் இல்லை.

விதிமுறை உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், வாத்தியார் புத்தி. ஒரு பாடத்தை நடத்துகிற ஆசிரியரை அந்தப் பாடத் தேர்வுக்கு ஸ்கிரைப் ஆகப் போடமாட்டார்கள். தெரிந்த கை தானாக எழுதிவிடும் என்ற பயம். தனி அறை கொடுப்பார்கள், ஒரு கண்காணிப்பாளர் இருப்பார், மற்ற பிள்ளைகளுக்கு மணி அடித்த பிறகு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. பிள்ளை வாயால் சொல்லும், ஆசிரியர் கையால் எழுதுவார். விடைத்தாளைத் திருத்துகிறவர் எங்கேயோ ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அந்தப் பிள்ளையின் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. பத்து வருடப் படிப்பில் அந்தப் பிள்ளைக்கு என்ன ஏறியிருக்கிறது என்பதை அரசாங்கம் இன்னொருவர் கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. இதையெல்லாம் இப்போது யோசிக்கிறேன். எனக்கு அந்த ஆர்டர் வந்தபோது இதில் ஒரு வரிகூட மனதில் ஓடவில்லை.

நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த வருடம் அது. தென்காசியில் ஒரு பள்ளி தேர்வு மையம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாவற்றுக்கும் என்னைப் போட்டார்கள். சமூக அறிவியல் என் பாடம் என்பதால் அதற்கு மட்டும் வேறொருவர். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஹாலில் கண்காணிப்பாளர் என்றால் கால் கடுக்க நடக்க வேண்டும், இது உட்கார்ந்து பார்க்கிற வேலை. முதல் நாள் காலையில் அந்தப் பிள்ளை படித்த பள்ளியின் தலைமையாசிரியர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர். முந்தின வருடம் அவர் பள்ளியில் தேர்ச்சி குறைந்ததற்காக மாவட்டக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அவரை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வருடம் எப்படியாவது நூறு சதவீதம் காட்டியாக வேண்டும் என்று அலைந்து பாதியாக இளைத்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மத்த பிள்ளைகளை எப்படியோ தேத்திட்டோம் டீச்சர். எங்க நூறு பெர்சன்ட் இந்தப் பிள்ளைகிட்டதான் நிக்கி. கொஞ்சம் பாத்து எழுதுங்க."

காசு நீட்டவில்லை, மிரட்டவில்லை. நானும் சரி சார் என்று தலையாட்டினேன். பாத்து எழுதுவது என்றால் எப்படி எழுதுவது என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளையின் பெயர் இசக்கி. நம் மேலகரத்துப் பிள்ளைதான், நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. பிறக்கும்போதே ஏற்பட்ட கோளாறு. இரண்டு கை விரல்களும் மடங்கியே இருக்கும், காலை இழுத்துத்தான் நடப்பாள், பேச்சு ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டு வரும். புத்தியில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அவளிடம் கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் பீரியட் முடிந்துவிடும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்காமலேயே அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவள். மகளை டவுன் பஸ்ஸில் தாங்கிக் கூட்டி வந்து அறையில் உட்கார வைத்துவிட்டு, காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவாள். மகளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக ஆள் வந்து கூப்பிட்டால் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடி வருவாள். கைகழுவிவிட்டுத்தான் மகளைத் தொடுவாள், புகையிலை வாசம் அவளுக்கு ஆகாது என்று.

எனக்குப் பொறுமை கிடையாது என்பதை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன் அப்பா ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நான் அதற்குப் பதில் சொல்லி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருப்பேன். தமிழ்த் தேர்வில் இசக்கி, "நம்... முன்னோர்..." என்று தொடங்கி மூச்சு வாங்குவாள். அவள் அடுத்த சொல்லைத் தேடி எடுப்பதற்குள் நான், நம் முன்னோர் இயற்கையைப் போற்றி வாழ்ந்தனர் என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்திருப்பேன். அவள் தாளைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்திலும் இதே கதைதான். தப்புச் செய்கிறோம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. அவள் சொல்ல வந்ததைத்தானே எழுதுகிறேன், அவளுக்கு நேரம் மிச்சம்தானே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், அந்தப் பிள்ளைக்கு நான் வாய்த்தது அதிர்ஷ்டம் என்று பெருமை வேறு பேசினேன்.

கணக்குத் தேர்வு அன்று நிலைமை தலைகீழ். எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். அவள் வாயைத் திறந்தால்தான் எனக்கு அடுத்த வரி. எக்ஸ் ஸ்கொயர் என்பாள், காத்திருப்பேன். மைனஸ் என்பாள், காத்திருப்பேன். இரண்டு இடத்தில் எழுதியதைக் காட்டச் சொன்னாள், ஓரிடத்தில் அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னாள், வரைபடத்தில் புள்ளியை எங்கே வைப்பது என்று கண்ணாலேயே காட்டினாள். கூடுதல் நேரத்தில் கடைசி நிமிடம் வரை உட்கார்ந்திருந்தோம். வெளியே வரும்போது, "இன்னைக்கு நல்லா எழுதுனோம் டீச்சர்" என்று சிரித்தாள். முந்தைய தேர்வுகளில் ஒரு நாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கணக்கில் எதுவும் தெரியாததால்தான் அன்று ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறேன்.

அடுத்து அறிவியல். இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்புவதை விளக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. நுரையீரல் தமனி வழியாக ஆக்சிஜன் குறைந்த இரத்தம் போகும் என்று இசக்கி சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். தமனி என்றால் நல்ல இரத்தம், சிரை என்றால் கெட்ட இரத்தம் என்பது நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாவம், பிள்ளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டினேன். தலைமையாசிரியரின் முகம் ஞாபகம் வந்தது. ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் என்று எழுதினேன். திரும்பி வருகிற நுரையீரல் சிரைக்கு அவள் மிகுந்த என்றாள், நான் குறைந்த என்று எழுதினேன். பாத்து எழுதினேன்.

"டீச்சர்... நான் அப்படிச் சொல்லல."

நீ மாற்றிச் சொல்லிவிட்டாய், நான் சரியாக எழுதிவிட்டேன், மேலே சொல், நேரம் போகிறது என்று கிசுகிசுத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இல்லை, சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் போயிற்று. கண்காணிப்பாளர் என்ன என்பதுபோல் பார்த்தார், ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். அப்புறம் அவள் சொன்னாள். அத்தனை நாளில் என்னிடம் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"தப்பா இருந்தா... என் தப்பா இருந்துட்டுப் போட்டும் டீச்சர். நான் சொல்லுதத... எழுதுங்க."

சரி சரி, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மற்ற கேள்விகள் மிச்சம் இருந்ததால் அவளும் வேறு வழியில்லாமல் மேலே சொன்னாள். எல்லாம் முடிந்தபோது இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. பேனாவும் என் கையில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை, தாளை நூல் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டேன். நான் சொல்வதுதான் சரி என்ற உறுதி ஒரு பக்கம், ஒரு பிள்ளை சொல்லி நான் அடிப்பதா என்ற வீம்பு இன்னொரு பக்கம். நூலில் முடிச்சுப் போடுகிறவரை அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நீ விளையாடிவிட்டு வந்து தோசை தின்றுகொண்டிருந்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது. நுரையீரல் தமனியில் எந்த இரத்தம் ஓடும் என்று உன்னிடம் கேட்டேன். "அது மட்டும் மாறி வரும்மா. அதுல ஆக்சிஜன் கொறஞ்ச ரத்தம்தான். எங்க சார் நாலு தடவை சொல்லிருக்காரு" என்றாய், வாய் நிறைய தோசையோடு. எதற்குக் கேட்கிறேன் என்று கேட்டாய். சும்மா என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாளே போய் மையத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தாளை ரத்து செய்துவிடுவார்களோ என்று அவளுக்காகப் பயப்படுவதுபோல் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான் பயந்தேன். சமூக அறிவியலுக்கு வேறு ஆசிரியர் போனதால் அவளை நேரில் பார்க்கிற சங்கடமும் இல்லாமல் போயிற்று.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அறிவியலில் செய்முறை மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் எழுத்துத் தேர்வில் மட்டும் இருபது வாங்கியாக வேண்டும். இசக்கிக்குப் பதினெட்டு. நான் மாற்றியது ஐந்து மதிப்பெண் கேள்வி. கணக்கு வாத்தியாரான உனக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள், கணக்கில் அறுபத்து மூன்று. அவள் பள்ளியில் தேறாத ஒரே பிள்ளை அவள்தான். ஆசிரியர்கள் ஓய்வறையில் இதைப் பேசியபோது ஒருவர், அந்தப் பிள்ளைக்கெல்லாம் எதுக்குப் பரீட்சை, பாவம் என்று சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் மாதம் சாரல் தொடங்கியிருந்த நேரம், அவள் அம்மா நம் வீட்டைத் தேடி வந்தாள். "இவ துணைத் தேர்வுக்கு ஒங்களையேதான் போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கா டீச்சர். நான் வேண்டாம்னு சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள். வேண்டாம் என்று அவள் ஏன் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அவளுக்குப் பின்னால் கேட்டைப் பிடித்துக்கொண்டு இசக்கி நின்றிருந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு, மன்னித்துவிடு என்று சொன்னேன். ஒரு மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. தெரியும் டீச்சர், புத்தகத்தில் இருக்கிறது என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக. அப்புறம் ஏன் என்னையே கேட்கிறாய் என்றேன்.

"வேற டீச்சர் வந்தா... மொதல்லேருந்து... சொல்லிக் குடுக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. யாரை ஸ்கிரைப் ஆகப் போடுவது என்பது கல்வி அலுவலகம் முடிவு செய்வது. தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன், அவர் பேசி ஆர்டர் வாங்கிக் கொடுத்தார். அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். நான்தானே டீச்சர் பாத்து எழுதச் சொன்னேன் என்றார்.

அதற்குள் நீ பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாய். உன் அறிவியல் புத்தகத்தை நீ திறப்பதற்கு முன் நான் முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டேன். துணைத் தேர்வு அன்று பஸ் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம். அதில் இசக்கியையும் அவள் அம்மாவையும் ஏற்றி இறக்குவதே பெரும்பாடாகிவிட்டது. தேர்வில் மலேரியாவைப் பரப்பும் கொசு எது என்று ஒரு மதிப்பெண் கேள்வி. ஏடிஸ் என்றாள் இசக்கி. அது டெங்குக் கொசு, மலேரியாவுக்கு அனோபிலஸ். புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போன எனக்கு அது நன்றாகத் தெரியும். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதும் தெரியும், நம் தெருச் சுவர்களில் எல்லாம் சுகாதாரத் துறை அப்போது ஏடிஸ், ஏடிஸ் என்றுதான் எழுதி வைத்திருந்தது. பேனா ஒரு கணம் நின்றது. கண்ணைக் கொஞ்சம் அகலத் திறந்தால் போதும், இல்லை, இன்னொரு தடவை சொல் என்றால்கூடப் போதும், அவள் புரிந்துகொள்வாள். ஏடிஸ் என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியதிலேயே கஷ்டமான சொல் அதுதான். எழுத்துத் தேர்வில் முப்பத்தொன்று வாங்கித் தேறினாள். அப்புறம் ப்ளஸ் டூவும் முடித்தாள் என்று அவள் அம்மா சொன்னாள், அதற்குமேல் எனக்குத் தெரியாது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். உன்னிடம் வந்து தப்பாக எழுது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நல்லவர்களாக இருப்பார்கள், களைத்திருப்பார்கள், பாத்து எழுதுங்க சார் என்று மட்டும் சொல்வார்கள். உன் தலைமையாசிரியரையும் அந்த சதவீதம் படுத்துகிற பாட்டை நீயே போனில் சொல்லியிருக்கிறாய். அவர் மேல் கோபப்படாதே. அந்தப் பிள்ளை யோசிக்கிற நேரத்தில் பேனாவை மூடி மேசையில் வைத்துவிடு. பேனா கையில் இருந்தால் அது எதையாவது எழுதத்தான் பார்க்கும். ஒவ்வொரு விடையையும் எழுதி முடித்ததும் தாளைத் திருப்பிக் காட்டு. அடிக்கச் சொன்னால் அடி, ஏன் என்று கேட்காதே. உன் முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள். அது மட்டும் உனக்குக் கஷ்டம், என் மூஞ்சி உனக்கு அப்படியே வந்திருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் நான் திருந்திவிட்டதாக நீ நினைத்துக்கொள்வாய். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அடுத்த வருடம் நீ பத்தாவது முடித்தாய். ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு என் பள்ளிக்கே உன்னைக் கூட்டிப்போனேன். விண்ணப்பத்தில் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்ற கட்டத்தில் முதல் குரூப், கணக்கு, உயிரியல் என்று என் கையால் நிரப்பி உன்னிடம் நீட்டினேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கு என்னன்னா..." என்று தொடங்கினாய். "எல்லாம் எனக்குத் தெரியும்லே, கையெழுத்தைப் போடு" என்றேன். போட்டாய். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள், ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவரும் என் பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்பவன் என்று மெச்சினார்.

இவன் வரலாறு எடுக்கணும்னு நின்னான், நான்தான் பிடிவாதமாக முதல் குரூப்பில் சேர்த்தேன் என்று சொந்தக்காரர்களிடம் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நேற்று போனை வைத்துவிட்டு யோசித்துப் பார்க்கிறேன், நீ வரலாறு என்று சொல்லவே இல்லை. அதையும் நானாகத்தான் நிரப்பியிருக்கிறேன். இன்று நீ கணக்கு வாத்தியார், கிருஷ்ணகிரிப் பக்கம் தெரியாத ஊரில் பிள்ளைகள் உன்மேல் உயிராக இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், சந்தோஷம். எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது என்று அதைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தக் கட்டத்தில் இருந்தது உன் விடை இல்லை.

எனவே இப்போது கேட்கிறேன். அன்று அந்த ஜன்னல் முன்னால் நின்று நீ என்ன சொல்ல வந்தாய்? மறந்துவிட்டது என்றால் மறந்துவிட்டது என்றே எழுது. எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும். உன் பதில் வருகிறவரை இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. உன் அப்பா நம்பமாட்டார், நீயாவது நம்பு.

உன் அம்மா